போகும்போதும் எதிர்வெயில், திரும்பும்போதும் எதிர்வெயில்: பைக்குக்கு எந்த நிறக் கூலிங் கிளாஸ்?

ஏரிக்கரை · செவ்வாய், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். காஞ்சிபுரத்தில் வீடு, பூந்தமல்லிப் பக்கம் வேலை. பைக்கில்தான் போய்வருகிறேன், ஒரு வழிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். காலையில் ஆறரைக்குக் கிளம்பினால் சூரியன் நேரே முகத்தில். சாயங்காலம் திரும்பும்போது அதே சூரியன் மேற்கே இறங்கி மறுபடியும் முகத்தில். சென்னையில் குடியிருந்துகொண்டு ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு வேளையும் முதுகில் வெயில். எனக்கு இரண்டு வேளையும் கண்ணில்.

ஐந்து வருடமாக ஒரே கறுப்புக் கண்ணாடிதான் போடுகிறேன். நல்ல டார்க். கண் கூசாது என்பதால் அதுவே நல்லது என்று நினைத்திருந்தேன். போன வியாழக்கிழமை சாயங்காலம் சுங்குவார்சத்திரம் தாண்டி வருகிறேன். சூரியன் கீழே இறங்கிவிட்டது, சாலையில் மரநிழல் நீளமாக விழுந்திருந்தது. அந்த நிழலுக்குள் ஒரு டிராக்டர் டிரெய்லர், பின்விளக்கு இல்லை, மண் ஏற்றிய மண் நிறப் பெட்டி. கிட்டப் போகும் வரை அது இருப்பதே தெரியவில்லை. பிரேக் அடித்து வண்டி கொஞ்சம் வழுக்கி, ஓரத்து மண்ணில் இறங்கி நின்றேன். விழவில்லை. கை நடுக்கம் அடங்கக் கால்மணி நேரம் ஆனது.

கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் சாலை நன்றாகவே தெரிந்தது! வெளிச்சம் இருந்திருக்கிறது, நான்தான் அதை மறைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

மறுநாள் மூன்று கடைகளில் கேட்டேன். ஒருவர் பளபளப்பைக் குறைக்கும் போலரைஸ்டு எடுங்கள் என்றார். ஒருவர் மஞ்சள் கண்ணாடி, பகலுக்கும் ராத்திரிக்கும் ஆகும் என்றார். மூன்றாமவர் இன்னும் டார்க்காக ஒன்றை எடுத்து நீட்டினார். உண்மையில் எது சரி? பவர் எதுவும் இல்லை, வயது 38.

---

வெயில்நடை · செவ்வாய், இரவு 10:15

முதலில், ஒன்றும் ஆகாமல் வீடு வந்து சேர்ந்தீர்களே, அது போதும்.

நான் கோயம்புத்தூர். ஏழு வருடமாக விடியற்காலை சைக்கிள் ஓட்டுகிறேன், ஐந்தரைக்குக் கிளம்பி எட்டுக்குள் திரும்பிவிடுவேன். அந்த நேரத்துக்குக் கறுப்பு ஆகவே ஆகாது. நான் போடுவது வெளிர் பழுப்பு. குழி, ஜல்லி, வேகத்தடையின் விளிம்பு எல்லாம் எடுப்பாகத் தெரியும். சாம்பல் கண்ணாடியில் தார் ரோடும் குழியும் ஒரே சாம்பலாகத் தெரியும், பழுப்பில் குழியின் ஓரம் தனியாகக் கோடு போட்டதுபோல் நிற்கும். ஏன் அப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

கண்ணளவு · புதன், காலை 7:05

22 வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஏரிக்கரை தம்பிக்கு நடந்தது கடைக்கு வரும் பாதிப் பேருக்கு நடந்திருக்கும், அவர்கள் அதற்குக் கண்ணாடிதான் காரணம் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மூன்று விஷயங்களை எல்லோரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்: புற ஊதாக் கதிரைத் தடுப்பது, எவ்வளவு இருட்டு, என்ன நிறம். மூன்றும் தனித்தனி. நிறமே இல்லாத வெள்ளை லென்ஸ் புற ஊதாவை முழுக்கத் தடுக்கலாம். கன்னங்கரேலென்று இருக்கும் தெருவோரக் கண்ணாடி அதை உள்ளே விடலாம். அந்தக் கறுப்புக் கண்ணாடிதான் ஆபத்து. இருட்டானதும் கண்ணின் பாப்பா விரியும், விரிந்த வழியாக அந்தக் கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது யுவி 400 என்ற குறிப்பு. 400 நானோமீட்டர் அலைநீளம் வரைக்கும் உள்ள கதிரைத் தடுக்கும் என்று அர்த்தம். கண்ணில் சதை வளர்வதற்கும் புரைக்கும் இந்தக் கதிர் ஒரு காரணம். நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவர்களுக்குச் சதை வளர்ச்சி எவ்வளவு வருகிறது என்று எந்தக் கண் டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

அடுத்தது இருட்டு. ஐஎஸ்ஓ 12312-1 என்ற தர அளவுப்படி லென்ஸை 0 முதல் 4 வரை பிரித்திருக்கிறார்கள். நல்ல கம்பெனிக் கண்ணாடி என்றால் காதில் மாட்டும் காம்பின் உட்பக்கத்தில் அல்லது கூட வரும் சீட்டில் இந்த எண் இருக்கும். 0 என்றால் 80 சதவீதத்துக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். 1 என்றால் 43 முதல் 80 வரை. 2 என்றால் 18 முதல் 43. 3 என்றால் 8 முதல் 18, நம் ஊர் நடுப்பகல் வெயிலுக்கு இது. 4 என்றால் 3 முதல் 8 சதவீதம்தான், பனிமலைக்கு ஏறுகிறவர்களுக்கு. இந்த நாலாம் எண்ணைப் போட்டுக்கொண்டு எந்த வண்டியும் ஓட்டக் கூடாது, கண்ணாடியிலேயே அந்த எச்சரிக்கை இருக்க வேண்டும். தம்பி, உங்கள் பழைய கண்ணாடி மூன்றின் கடைசியிலோ நாலிலோதான் இருக்கும். அதோடு மாலை ஆறேகாலுக்கு மரநிழலுக்குள் பார்த்தால் டிரெய்லர் எப்படித் தெரியும்?

கடையில் டின்ட் போடச் சொல்கிறவர்களுக்கு ஒன்று. நாங்கள் 80 சதவீத டின்ட் என்று சொன்னால் 80 தடுக்கப்படுகிறது, 20 உள்ளே வருகிறது என்று பொருள். அந்த எண்ணும் மேலே சொன்ன எண்ணும் தலைகீழ். இதில் ஏமாந்தவர்கள் நிறைய.

கடைசியில்தான் நிறம். சாம்பல் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், சிவப்பு சிவப்பாகவே இருக்கும், சிக்னல் மாறித் தெரியாது. பச்சையும் கிட்டத்தட்ட அப்படித்தான். பகலில் நம் கண்ணுக்கு அதிகம் உறைக்கும் நிறம் 555 நானோமீட்டர், அதாவது பச்சை-மஞ்சள். பச்சை லென்ஸ் அந்தப் பகுதியைக் கொஞ்சம் தாராளமாக விடுகிறது, அதனால் கண்ணுக்கு இதமாக இருக்கும். ரே-பான் கம்பெனியின் ஜி-15 என்ற பச்சை லென்ஸ் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெயரில் இருக்கும் 15 உள்ளே வரும் வெளிச்சத்தின் சதவீதம்தான்.

வெயில்நடை கேட்டதற்குப் பதில் பழுப்பில் இருக்கிறது. காற்றின் மூலக்கூறுகளும் அதில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்களும் நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். தூரத்து மலை நீலமாகத் தெரிவது இதனால்தான். சிதறிய நீலம் பார்வைமேல் ஒரு மெல்லிய திரைபோல் விழும். பழுப்பு, செம்பு, ஆம்பர் லென்ஸ்கள் நீலத்தைப் பெருமளவு வெட்டிவிடுவதால் அந்தத் திரை விலகி நிழலும் விளிம்பும் எடுப்பாகத் தெரிகின்றன. வெளிச்சம் கூடிவிடவில்லை, வித்தியாசம் கூடியிருக்கிறது.

தம்பிக்கு என் யோசனை: பழுப்பு, இரண்டாம் எண், 25 முதல் 30 சதவீதம் உள்ளே விடுவது, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் லென்ஸ். கல் தெறித்தாலும் உடைந்து கண்ணில் பாயாது, அந்தப் பொருளே புற ஊதாவையும் பெரும்பாலும் தடுத்துவிடும். கூடவே அந்திக்கு ஒரு வெள்ளைக் கண்ணாடி.

---

தூண்டில்காரன் · புதன், காலை 11:30

போலரைஸ்டு பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே சார். நான் தூத்துக்குடி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தூண்டில் போடப் போவேன். போலரைஸ்டு இல்லாமல் தண்ணீரைப் பார்ப்பது சுவரைப் பார்ப்பதுபோல, மேலே வெள்ளிப் பளபளப்பு மட்டும்தான். அதைப் போட்டதும் பளபளப்பு கழன்று விழுந்து அடியில் பாசி, பாறை, மீன் திரும்பும்போது மின்னும் வயிறு வரைக்கும் தெரியும்.

தண்ணீர்மேல் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாகவே அதிரும், அந்த அதிர்வை மட்டும் வடிகட்டுவதுதான் போலரைஸ்டு. அதுவும் எல்லாக் கோணத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. நேர்க்குத்துக் கோட்டிலிருந்து 53 டிகிரி சாய்வில் பார்க்கும்போது தண்ணீரின் பளபளப்பு ஏறக்குறைய முழுக்கப் போய்விடும். காலடியில் நேர்கீழே பார்த்தால் பெரிய மாற்றம் இருக்காது. தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசாகச் சாய்த்துப் பாருங்கள், ஒரு சாய்வில் சட்டென்று அடி தெரியும். அங்கேயே நிறுத்திப் பாருங்கள்.

நிறம்: கழிமுகம், உப்பங்கழி, முழங்கால் ஆழம் என்றால் செம்பு அல்லது பழுப்பு. படகில் ஆழக்கடலுக்குப் போனால் சாம்பல், வெளியே நீலக் கண்ணாடிப் பூச்சு. ஆழத்தில் அடியைப் பார்க்க எதுவும் இல்லை, கண்ணைக் காப்பாற்றினால் போதும். இரண்டையும் மாற்றிப் போட்டு ஒரு நாள் முழுக்க வீணாக்கியிருக்கிறேன்.

---

வெயில்நடை · புதன், மதியம் 1:10

தூண்டில்காரன் அண்ணா, தண்ணீருக்கு ஒப்புக்கொள்கிறேன். இரண்டு சக்கரத்துக்குப் போலரைஸ்டு வேண்டாம் என்பது என் கருத்து. மழை விட்டபின் ரோட்டில் எண்ணெய் சிந்தியிருந்தால் அதன் பளபளப்பை வைத்துத்தான் நாம் விலகிப் போகிறோம். அந்தப் பளபளப்பையே கண்ணாடி விழுங்கிவிட்டால்? ஒரு முறை உக்கடம் பக்கம் ஈரத்தில் பின்சக்கரம் போனது, அன்று போட்டிருந்தது போலரைஸ்டு. கண்ணாடிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன்பிறகு போடவில்லை.

---

கண்ணளவு · புதன், இரவு 8:50

இருவர் சொல்வதும் சரி. கார் ஓட்டுகிறவருக்குப் போலரைஸ்டு பெரிய உதவி. டேஷ்போர்டின் பிம்பம் முன்கண்ணாடியில் விழுவது, நண்பகல் தார்ச்சாலையின் மினுமினுப்பு இரண்டும் குறையும். பைக்கில் மூன்று சிக்கல்கள். வெயில்நடை சொன்னது ஒன்று. இரண்டாவது, இப்போது வரும் பைக்குகளில் மீட்டர் எல்சிடி திரை, போலரைஸ்டு வழியே பார்த்தால் சில கோணங்களில் இருண்டுவிடும். மூன்றாவது, ஹெல்மெட் வைசர் பாலிகார்பனேட் என்பதால் அதற்குள் போலரைஸ்டு போட்டால் வைசர்மேல் வானவில் திட்டுகள் தெரியும். சிலருக்குத் தலைவலியே வந்துவிடும்.

ஏரிக்கரையின் சிக்கலுக்கு அது மருந்தும் இல்லை. நேர் எதிரே நிற்கும் சூரியனின் ஒளியைப் போலரைஸ்டு தனியாக எதுவும் செய்யாது, மற்ற டின்ட் எவ்வளவு குறைக்குமோ அவ்வளவுதான். முன்னால் போகும் டேங்கர் லாரியின் எஃகு மினுக்கும் பெரிதாகக் குறையாது, உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி தண்ணீரில் பட்டதுபோல் ஒழுங்குபடுவதில்லை.

வாங்கும்போது அது உண்மையிலேயே போலரைஸ்டுதானா என்று பார்க்க வழி எளிது. கண்ணாடி வழியாக லேப்டாப் திரையைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியை மெதுவாகக் கால்வட்டம் திருப்புங்கள். ஏதோ ஒரு நிலையில் திரை இருள வேண்டும். இருளவே இல்லையென்றால் அது வெறும் டின்ட்.

---

மிட்விக்கெட் · வியாழன், காலை 6:45

கிரிக்கெட் ஆடுகிறவர்கள் யாராவது இருந்தால்: வெள்ளைப் பந்தில் உயரக் கேட்ச் எடுக்க ஆம்பர் அல்லது பழுப்புதான். நீலத்தை வெட்டுவதால் வானம் ஒரு படி இருண்டுவிடும், பந்து வெள்ளையாகவே நிற்கும். எங்கள் லீக் ஆட்டங்களில் சாம்பல் போட்டுக்கொண்டு லாங் ஆனில் நின்ற காலத்தில் பந்து மேலே போனதும் தேட வேண்டியிருக்கும், இப்போது தேட வேண்டியதில்லை. சிவப்புப் பந்துக்குப் பச்சைத் தரையில் ரோஸ் கலந்த நிறம் எனக்கு ஒத்துவந்தது.

பேட்டிங் செய்யும்போது நான் எதுவும் போடுவதில்லை. மேகம் வந்து போவதும் வெளிச்சம் மாறுவதும் அங்கே ஒத்துவராது.

---

ஏரிக்கரை · வியாழன், இரவு 10:05

இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. இரண்டு சந்தேகம். ராத்திரிக்கு மஞ்சள் கண்ணாடி, எதிர்வண்டி ஹைபீமுக்கு நல்லது என்று அந்தக் கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். எடுக்கலாமா? இன்னொன்று, வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் எடுத்தால் ஒன்றே போதுமா?

---

கண்ணளவு · வெள்ளி, காலை 7:20

மஞ்சள்: ராத்திரிக்கு வேண்டவே வேண்டாம். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் லென்ஸ் மேகமூட்டப் பகலில் உதவலாம். இரவில் ஏற்கெனவே வெளிச்சம் குறைவு, அதிலும் ஒரு பங்கை அது எடுத்துவிடும். போட்டவருக்கு என்னவோ தெளிவாகத் தெரிவதுபோல் தோன்றும், அதுதான் பயமாக இருக்கிறது. பாஸ்டனில் ஸ்கெப்பென்ஸ் கண் ஆய்வு நிறுவனத்தார் ஓட்டுநர்களை சிமுலேட்டரில் உட்காரவைத்துச் சோதித்தார்கள், 2019-இல் வெளிவந்தது. மஞ்சள் கண்ணாடியால் சாலையில் நடப்பவரைக் கண்டுகொள்வது கொஞ்சம்கூட மேம்படவில்லை. ஐஎஸ்ஓ அளவும், 75 சதவீதத்துக்குக் கீழே ஒளி விடும் எந்த லென்ஸும் அந்தியிலும் இரவிலும் ஓட்டுவதற்கு ஆகாது என்றுதான் சொல்கிறது.

ஹைபீம் கூசினால் முதலில் வைசரைப் பாருங்கள். செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். காய்ந்த துணியால் தூசியோடு துடைத்துத் துடைத்து வந்தது. எதிர் விளக்கு ஒவ்வொரு கீறலிலும் பட்டுச் சிதறும். வைசரை மாற்றினாலே பாதிக் கூச்சம் போய்விடும், மஞ்சள் கண்ணாடிக்குக் கொடுக்கும் காசுக்குள் அது முடிந்துவிடும். அதன்பிறகும் கூசினால் கண் டாக்டரிடம் காட்டுங்கள், பவரோ புரையோ ஆரம்பித்திருக்கலாம்.

தானாகக் கறுக்கும் லென்ஸ்: அதில் இருக்கும் மூலக்கூறுகள் புற ஊதா பட்டால் கறுக்கும், வெப்பம் பட்டால் வெளுக்கும். நம் மே மாத வெயிலில் இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் எதிர்பார்த்த அளவு கறுக்காது. காரின் முன்கண்ணாடி புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடும், அதனால் வண்டிக்குள் சாதாரண வகை கறுப்பதே இல்லை. ஹெல்மெட் வைசரும் அப்படித்தான். வெளுக்கவும் சில நிமிடம் பிடிக்கும், சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது அந்த சில நிமிடம் உங்களிடம் இருக்காது.

---

பனிக்காலம் · வெள்ளி, மாலை 6:30

நான் ரொறன்ரோ, சொந்த ஊர் யாழ்ப்பாணம். கறுக்கும் லென்ஸ் பற்றிக் கண்ணளவு சொன்னது ஓம், சரிதான், இங்கே அதன் மறுபக்கத்தைப் பார்க்கிறேன். குளிர் மைனஸ் பத்தில் வெளியே நடந்தால் நல்ல கறுப்பாகிவிடும், கடைக்குள் போனால் தெளியக் கனநேரம் எடுக்கும்.

டிசம்பரில் இங்கே மத்தியானத்திலும் சூரியன் 23 டிகிரி உயரம்தான் ஏறும். நாள் முழுக்க ஏரிக்கரை சொன்ன பின்னேரம் மாதிரி, முகத்துக்கு நேரே. கீழே பனி. புதுப்பனி புற ஊதாவில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, கடற்கரை மணல் 15 சதவீதம்தான். கண்ணுக்கு மேலே தொப்பி போட்டாலும் கீழேயிருந்து வரும். வந்த முதல் வருசம் கண்ணாடி இல்லாமல் ஒரு நாள் முழுக்கப் பனி அள்ளினேன், இரவு கண்ணுக்குள் மண் விழுந்த மாதிரி எரிச்சல், கண்ணீர் நிற்கவில்லை. இப்போது கார் ஓட்ட பழுப்பு போலரைஸ்டு. மேகம் மூடிய நாளில் நடக்க ரோஸ், பனியில் மேடு பள்ளம் வடிவாகத் தெரியும்.

---

சாக்பீஸ் · சனி, காலை 9:15

ரோஸ் என்றதும் எழுதுகிறேன். எனக்குப் பல வருட ஒற்றைத் தலைவலி, டீச்சர் வேலை, வகுப்பு முழுக்க டியூப்லைட். எஃப்எல்-41 என்ற ரோஸ் டின்ட் என் டாக்டர் எழுதிக்கொடுத்தார். நீலப் பச்சையை வடிகட்டுவது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1991-இல் குழந்தைகளுக்கு இதைப் போட்டுப் பார்த்தபோது மாதத்துக்கு 6.2 ஆக இருந்த தலைவலி 1.6 ஆகக் குறைந்தது என்று அவர்தான் சொன்னார். எனக்கு முழுக்கப் போகவில்லை, ஆனால் மூன்றாம் பீரியடுக்கு மேல் பாடம் நடத்த முடிகிறது. கூச்சம் தாங்காமல் வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போடுகிறவர்கள் தயவுசெய்து அதை நிறுத்துங்கள். கண் இருட்டுக்குப் பழகி, கூச்சம் இன்னும் கூடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

---

தூண்டில்காரன் · சனி, மதியம் 12:40

சார், யுவி 400 ஸ்டிக்கர் எல்லாக் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கிறதே, எதை நம்புவது? ஒரு கடையில் நீல லேசர் அடித்துக் காட்டி "பாருங்கள், தடுக்கிறது" என்றார்கள்.

---

கண்ணளவு · சனி, இரவு 9:00

அந்த லேசர் 405 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரிகிற ஊதா, புற ஊதாவே இல்லை. அதை வைத்து யுவி பற்றி எதுவும் சொல்ல முடியாது.

365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள், 395 வேண்டாம். இருட்டறையில் ரூபாய் நோட்டின்மேல் அடித்தால் உள்ளே சின்னச் சின்ன இழைகள் ஒளிரும். இப்போது டார்ச்சுக்கும் நோட்டுக்கும் நடுவே லென்ஸைப் பிடியுங்கள். இழைகள் அணைந்துவிட்டால் அந்த அலைநீளத்தைத் தடுக்கிறது. அணையாமல் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால் அந்தக் கண்ணாடியை வெயிலில் போடாதீர்கள். டார்ச்சை யார் கண்ணிலும் அடிக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஒளி அளக்கும் மீட்டர் வைத்திருக்கும் கடைக்கு எடுத்துப்போங்கள், ஒரு நிமிட வேலை.

---

ஏரிக்கரை · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 8:30

பழுப்பு வாங்கிவிட்டேன். இரண்டாம் எண், 28 சதவீதம். பாலிகார்பனேட், போலரைஸ்டு இல்லை. வைசர் புதிது மாற்றினேன், அது செய்த வித்தியாசம் பெரிது. ஹெல்மெட்டின் நெற்றி விளிம்பில் உள்பக்கமாக இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன், தலையைக் கொஞ்சம் குனிந்தால் சூரியன் அதற்குப் பின்னால் போய்விடுகிறது, சாலை தெரிகிறது. இதை ஒரு லாரி டிரைவர் அண்ணன் சொல்லிக்கொடுத்தார், அவர் முன்கண்ணாடியில் அப்படித்தான் ஒட்டியிருந்தார்.

முதல் இரண்டு நாள் உலகமே மஞ்சளடித்ததுபோல் இருந்தது, மூன்றாம் நாள் மறந்துவிட்டது. காலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் ரோடு ஒட்டுப்போட்ட இடங்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. ஐந்து வருடம் அதன்மேல் ஏறி இறங்கித்தான் போயிருக்கிறேன்.

சாயங்காலம் சுங்குவார்சத்திரம் டீக்கடையில் நிறுத்தி வெள்ளைக் கண்ணாடிக்கு மாறிக்கொள்கிறேன். நம் பக்கம் சூரியன் மறைந்தால் அரைமணிக்குள் இருட்டிவிடுகிறது, மாற்ற வேண்டும் என்று தோன்றும்போது ஏற்கெனவே நேரம் கடந்திருக்கும். அதனால் வெளிச்சம் பார்த்து நிற்பதில்லை, கடை வந்தால் நிற்பேன். டீக்கடை அண்ணனுக்கு இப்போது பழகிவிட்டது, நான் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் கிளாஸை வைத்துவிடுகிறார்.

பழைய கறுப்புக் கண்ணாடியை டார்ச் வைத்துப் பார்த்தேன். நோட்டின் இழைகள் அணையவில்லை.

---

கண்ணளவு · ஞாயிறு, காலை 10:10

அதை வீட்டில் பிள்ளைகள் எடுத்துப் போட்டுக்கொள்ளும் இடத்தில் வைக்காதீர்கள் தம்பி. காம்பை உடைத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள்.